குறியும் அல்லகுறியும்

சென்ற சிவராத்திரிக்கு ஒரு விளையாட்டு செய்தேன். குறி சொல்லும் விளையாட்டு. ஒரு விமர்சனக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் குறியீடு பற்றி இந்த மாதிரிப் பக்கங்களில் நான் பத்து வருஷமாக எழுதியவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று எனக்குப் புரிந்தது அந்த இரவில்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விராலிமலையில் எங்கள் வீட்டில் சிவராத்திரிக்குக் கண் விழிப்பது வழக்கம். பக்தி பாதி, பழக்கம் பாதி. பரமபதப் படத்தை விரித்துத் தாயம் உருட்டுவோம். இந்த வருஷம் அக்காவின் மகள், "பரமபதம் போரடிக்குது மாமா. எந்தக் கட்டத்துல பாம்பு, எதுல ஏணின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள். நியாயமான விமர்சனம். எல்லாக் கட்டத்துக்கும் பொருள் முன்பே தெரிந்துவிட்ட படத்தில் மிச்சம் இருப்பது தாயக்கட்டை விழும் சத்தம் மட்டும்தான்.

பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி 24 சீட்டுகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு படம். என் சித்திரத் திறமை நகைக் கடன் பாரத்தில் சங்கிலியையும் வளையலையும் எழுத்தால் வர்ணிக்கிற அளவுதான். ஆனாலும் மயில் மயிலாகவும் குடை குடையாகவும் தெரிந்தது. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்துமே எடுத்தேன்: கிணறு, சாவி, உலக்கை, மஞ்சள் பை, தபால் பெட்டி, முருங்கை மரம், ஆட்டுக்குட்டி, கடைசி பஸ், மலைப்படி, மயில். சுருட்டையும் சேர்த்தேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: இங்கே மலைமேல் இருக்கும் ஆறுமுகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. மழையில் ஆற்றைத் தாண்ட முடியாமல், சுருட்டும் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த கருப்பமுத்து என்ற பக்தருக்கு வழியில் ஒருவர் சுருட்டு கொடுத்துத் துணை வந்ததாகவும், கொடுத்தவர் யார் என்பது சன்னதியில்தான் தெரிந்ததாகவும் கதை.

சீட்டின் பின்பக்கம் பலனும் எழுதிவிட்டேன். மயில் என்றால் கல்யாணம். சாவி என்றால் சொந்த வீடு. கடைசி பஸ் என்றால் கைநழுவும் வாய்ப்பு. சுருட்டு என்றால் எதிர்பாராத உதவி. எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது. ஒரு சின்னக் குறியீட்டு அகராதி தயார் என்று நினைத்தேன்.

ஒத்திகையாக முதல்நாள் விளையாடிப் பார்த்தோம். அரைமணி நேரம் தாங்கவில்லை. எடுப்பார்கள், திருப்புவார்கள், படிப்பார்கள், வைப்பார்கள். ரயில் நிலையத்து எடை மெஷினில் காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனுமாக ஒரு அட்டை வந்து விழுமே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மெஷினாவது எடையைச் சரியாகச் சொல்லக்கூடும். படத்தைத் திருப்பிய கணமே படம் செத்துவிடுகிறது. மயிலை வரைந்திருக்கவே வேண்டாம், 'கல்யாணம்' என்று எழுதியிருந்தாலே போதும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்து ஹெக்டல் என்பவர் சுமார் 1799இல் 'நம்பிக்கையின் விளையாட்டு' என்று ஒன்றைச் செய்தார். 36 சீட்டுகள். குதிரைக்காரன், கப்பல், வீடு, மரம், மேகம், பாம்பு, சவப்பெட்டி என்று படங்கள். ஆறுக்கு ஆறாகப் பரப்பி வைத்து, இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்துவது. 35ஆவதான நங்கூரத்தை அடைந்தவருக்கு ஜெயம். கிட்டத்தட்ட நம் பரமபதம்தான். அது முதலில் மாலைப்பொழுதைப் போக்க வந்த விளையாட்டு. பிறகு பாரிஸில் லெனோர்மான் என்ற பிரசித்தி பெற்ற குறிகாரி 1843இல் இறந்துபோக, அவர் பெயரைப் போட்டு இதே 36 படங்களும் ஜோசியச் சீட்டாக விற்பனைக்கு வந்தன. டாரோவின் கதையும் இப்படித்தான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அரண்மனைக்காரர்கள் ஆடிய சீட்டாட்டம் அது. அதில் எகிப்தின் புராதன ஞானம் ஒளிந்திருக்கிறது என்று 1781இல் பிரான்ஸில் கூர் த ஜெபலாங் எழுதினார். ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பொருள், கவிழ்ந்து விழுந்தால் இன்னொரு பொருள் என்று பட்டியல் பெருகிவிட்டது. விளையாட்டு முதலில், அகராதி பின்னால். அகராதியைக் கொண்டுவந்தவர்கள் விளையாடியவர்கள் அல்ல, விற்றவர்கள்.

எலியட் விவகாரம் நமக்குத் தெரிந்ததே. 1922இல் வந்த அந்த நீண்ட கவிதையில் டாரோ சீட்டுக்காரி ஒருத்தி வருகிறாள். சீட்டுக்கட்டின் சரியான அமைப்பு தனக்குத் தெரியாது, தன் வசதிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எலியட்டே குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாம் என்ன செய்தோம்? அந்தக் குறிப்புகளைத்தான் முதலில் படித்தோம். சீட்டுக்காரிக்கு ஜலதோஷம் என்று கவிதையிலேயே இருக்கிறது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிறாள் என்பது நம் கண்ணில் படவில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கியபின் படிமம், குறியீடு என்ற இரண்டு சொற்களும் தமிழில் ஊன்றிக்கொண்டன. அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் காலப்போக்கில் சொல் நின்றது, ஆள் போய்விட்டார். குறியீடு இருக்கிறது, அதை எடுத்து நீட்டுகிறவரும் எதிரில் உட்கார்ந்து கேட்கிறவரும் இல்லை.

ஒத்திகை தோற்ற ராத்திரி தூக்கம் வராமல் 'குறி' என்ற சொல்லையே உருட்டிக்கொண்டிருந்தேன். அடையாளம் குறி. எய்ய வேண்டிய இலக்கும் குறி. வருவதுரைத்தலும் குறி. இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். நான்காவது ஒன்று உண்டு. அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடமும் குறி. பகலில் என்றால் பகற்குறி, இரவில் என்றால் இரவுக்குறி. வந்துவிட்டேன் என்பதைத் தெரிவிக்க அவன் ஒரு ஓசை செய்வான். சில ராத்திரி காயோ பழமோ தானே தண்ணீரில் விழும். அதை அவன் செய்த ஓசை என்று நினைத்து அவள் வெளியே வருவாள், யாரும் இருக்கமாட்டார்கள், திரும்பிப் போவாள். இதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் அல்லகுறிப்படுதல். குறி அல்லாத குறி.

நமக்கு இதைவிடக் கச்சிதமான விமர்சனச் சொல் வேறெங்கே கிடைக்கும்? குறி என்பது ஒரு பொருளைத் தாங்கி நிற்கும் பண்டம் அல்ல. அது ஒரு இடம். இருவர் வந்து சேர வேண்டிய இடம். ஒருவர் வராமற்போனால் அது அல்லகுறி. சிம்பல் என்ற சொல்லின் கிரேக்க மூலத்திலும் இதேதான் இருக்கிறது. ஒரு பொருளை உடைத்து ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வது, பிறகு இரண்டு பாதியும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. என் மேஜையில் தினமும் நடப்பதும் இதுதான். இரும்புப் பெட்டிக்குள் நகைப் பொட்டலம், வெளியே ஒருவர் கையில் சீட்டு. இரண்டும் ஒருநாள் எதிரெதிரே வர வேண்டும். வராத பொட்டலம் கடைசியில் ஏலத்துக்குப் போகிறது.

குறியும் விளையாட்டும் ஒன்றாக இருந்த காலம் தமிழில் உண்டு. கழங்கு பெண்பிள்ளைகள் முற்றத்தில் ஆடுகிற காய். அதே கழங்கைத்தான் வேலனும் குறிபார்க்க உருட்டினான். மகள் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. வேலனைக் கூப்பிடுகிறாள். கழங்கு 'முருகு' என்று சொல்கிறது, வெறியாட்டுக்கு ஏற்பாடாகிறது. நம் மலைக்காரர்தான் பழி சுமக்கிறார். கழங்கு சொன்னது தப்பு என்பது தலைவிக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும், பாட்டைப் படிக்கிற நமக்கும் தெரியும். ஆனால் அந்தத் தப்பான குறி விழுந்ததனால்தான் தோழி வாய் திறக்க வேண்டிய நிலை வருகிறது. அவள் உண்மையைச் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ஔவையார் இதை இன்னும் நுட்பமாகச் செய்கிறார். குறி சொல்லும் அகவன் மகள் பல மலைகளைப் பாடிக்கொண்டே போகிறாள். தோழி குறுக்கிட்டு, அவனுடைய மலையைப் பாடினாயே, அதையே மறுபடி பாடு என்கிறாள். அவ்வளவுதான். யாருடைய மலை என்று தாய்க்குக் கேள்வி பிறந்துவிடும். குறிகாரி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அவள் பாட்டு ஒரு வாசலைத் திறந்து வைத்தது, அதன் வழியாக வேறொருத்தி உண்மையைக் கொண்டுவந்தாள்.

குறவஞ்சியின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. இந்த மலைமேலும் ஒரு குறவஞ்சி உண்டு. கோயிலின் தேவதாசிகள் அதை ஆடிவந்தார்கள். இங்கே சேவை செய்த 32 பேரில் எஞ்சியவராக அறியப்பட்டு, சதிருக்காக 2022இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள் அந்த மரபைச் சேர்ந்தவர். குறவஞ்சி பார்க்க உட்கார்ந்த யாருக்கும் முடிவு தெரியாமல் இருந்திருக்காது. தலைவி யார்மேல் மையல் கொண்டாள் என்பது முதற் காட்சியிலேயே தெரியும். அது அந்த ஊர்ச் சாமிதான். அப்படியிருக்க ஒரு குறத்தி வந்து கையைப் பார்த்து நீள நீளமாகக் குறி சொல்ல என்ன இருக்கிறது? வருவதைச் சொல்ல ஒன்றும் இல்லை. இருப்பதைத் தலைவி தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு. குற்றாலக் குறவஞ்சியில் இது அழகாக நடக்கிறது. இது காதல் நோய் என்று குறத்தி சொன்னதும் வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. அப்படியானால் அவன் ஊரும் பேரும் சொல் பார்க்கலாம் என்று மடக்குகிறாள். குறத்தி மறுபடி கிண்டல் செய்கிறாள். கேள்வி, கோபம், கேலி, மறுபடி கேள்வி. குறி இந்தப் போக்குவரத்தில் இருக்கிறது, கைரேகையில் இல்லை.

மறுநாள் விளையாட்டை மாற்றினேன். பின்பக்கத்துப் பலன்களை எல்லாம் தாள் ஒட்டி மறைத்தேன். மூன்று விதிகள் மட்டும் வைத்தேன். ஒன்று, சீட்டு எடுக்கிறவர் முதலில் ஒரு கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு, அவர் இரண்டு சீட்டு எடுத்ததும், வலதுபக்கம் இருப்பவர் ஒவ்வொரு சீட்டையும் காட்டி "இதை எங்கே பார்த்திருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். மூன்று, கிடைத்த பதிலை வைத்துத்தான் குறி சொல்ல வேண்டும், வேறெதையும் கொண்டுவரக் கூடாது.

சிவராத்திரியன்று இரண்டாம் ஜாமம் வரை சிரிப்பாகவே போயிற்று. பிள்ளைகள் பிரமாதமாகச் சொன்னார்கள். ஆட்டுக்குட்டியையும் உலக்கையையும் எடுத்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு அக்கா மகள் சொன்ன பரீட்சைக் குறியை இங்கே எழுத முடியாது. பிறகு அக்கா முறை வந்தது. வலதுபக்கம் நான்.

அக்கா விளையாட்டாகத்தான் கேட்டாள்: "நான் எப்போ சொந்த வீடு கட்டுவேன்?" எடுத்தது கிணறும் சாவியும்.

பழைய அகராதிப்படி என்றால் அங்கேயே முடிந்திருக்கும். சாவி என்றால் சொந்த வீடு. கை தட்டிவிட்டு அடுத்தவருக்குப் போயிருப்போம். விதிப்படி நான் கேட்டேன்: "கிணறு, எங்கே பார்த்தே?"

"நம்ம வீட்டுக் கெணறுதான். தூத்துட்டாங்களாமே."

"சாவி?"

"அதுவும் நம்ம வீட்டுதுதான். எங்கிட்டதான் இருக்கு தம்பி. யாரும் கேக்கலையே."

இலுப்பூர்ப் பக்கம் அப்பா கட்டிய வீடு அது. மூன்று வருஷத்துக்கு முன் விற்றோம். விற்றோம் என்பது மரியாதைப் பன்மை, விற்றது நான்தான். அக்கா தன் பங்குக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினேன், போட்டாள். பங்காக எதுவும் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குக் கிடைத்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தானே விழுந்த காயின் ஓசையைக் கேட்டுவிட்டு ஆள் வந்தாயிற்று என்று நினைத்தது மாதிரி.

வலதுபக்கம் இருப்பவர் இப்போது குறி சொல்ல வேண்டும். "கட்டுவே அக்கா. சீக்கிரமே கட்டுவே" என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இதை அட்டை சொல்லுதா, நீ சொல்றியா?"

எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கேள்வியை நான் இலக்கியத்துக்குக் கொண்டுவருவது சொந்த வருத்தத்துக்குக் கௌரவம் தேடுவதாகச் சிலருக்குப் படலாம். படட்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் கவிதையில் பூட்டும் சாவியும் வந்தன. பெயர் வேண்டாம். சாவி என்பது இருத்தலின் நெருக்கடி, பூட்டு என்பது பிரக்ஞையின் எல்லை என்று மூன்று பக்கம் எழுதினேன். நண்பருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சாவி எந்த வீட்டுச் சாவி என்று நான் கேட்கவில்லை. அவரும் கவிதையில் அதற்கு இடம் வைக்கவில்லை. இப்போது எடுத்துப் படித்தால், அந்த மூன்று பக்கத்திலும் பேசியது கவிதை அல்ல, நான். சீட்டின் பின்பக்கத்தில் பலன் எழுதியவன்தான் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறான்.

நம்மிடையே இன்று புழங்கும் குறியீட்டுக் கவிதைகளில் பாதியாவது அல்லகுறிகள் என்று சொல்லத் துணிகிறேன். ஓசை கேட்கிறது, வாசகன் எழுந்து வெளியே வருகிறான், ஆள் இல்லை. கதவு, நிழல், இறந்த பறவை, உடைந்த கண்ணாடி என்று ஒரு பொதுச் சீட்டுக்கட்டு உருவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். பலன் பட்டியல் விமர்சகனிடம் இருக்கிறது. கவிஞனுக்கும் விமர்சகனுக்கும் இது லாபகரமான ஏற்பாடு. நஷ்டப்படுகிறவன் ராத்திரியில் எழுந்து வந்த வாசகன்.

உடனே ஒரு ஆட்சேபம் வரும். அப்படியானால் கவிதை எளிமையாக, எல்லோருக்கும் தெரிந்த சின்னங்களோடு இருக்க வேண்டுமா? இல்லவே இல்லை. எங்கள் மலைச் சுருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க் கதை தெரியாதவருக்கு அது சுத்தமாகப் புரியாது. அவ்வளவு அந்தரங்கமான குறி. ஆனால் அதன் பின்னால் மழை இருக்கிறது, ஆறு இருக்கிறது, நடுங்கின ஒருவன் இருக்கிறான், கொடுத்த ஒருவன் இருக்கிறான். எங்கே பார்த்தாய் என்று கேட்டால் பதில் உண்டு. கேட்கிறவன் சிரமப்பட்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம். கடினமான குறி வேறு, ஆளில்லாத குறி வேறு. முன்னதில் வாசகன் நடக்க வேண்டிய தூரம் அதிகம். பின்னதில் எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர இடம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே பெயரால், 'புரியாத கவிதை' என்று, எதிர்ப்பவர்களும் அழைக்கிறார்கள், ஆதரிப்பவர்களும் அழைக்கிறார்கள். இருவருக்கும் இடையில் நல்ல கவிதை நசுங்குகிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. கவிஞன் எதிரே உட்கார்ந்திருப்பதில்லையே, அவனிடம் போய் எங்கே பார்த்தாய் என்று எப்படிக் கேட்பது? உண்மை. அச்சிட்ட கவிதையில் குறத்தியும் இல்லை, தலைவியும் இல்லை. ஆனால் கேள்விக்கு விடை கவிதைக்குள்ளேயே இருக்க முடியும். ஒரு வினைச்சொல்லில், ஒரு ஊர்ப்பெயரில், ஒரு தயக்கத்தில். விமர்சகன் வேலை அதைத் தேடுவது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதுவது. இருத்தலையும் பிரக்ஞையையும் கடன் வாங்கி அந்தக் குழியை நிரப்புவது அவன் வேலை அல்ல. 'இதைக் கவிதை சொல்கிறதா, நான் சொல்கிறேனா' என்ற அக்காவின் கேள்வியை ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் போட்டுப் பார்க்கலாம். என் பழைய கட்டுரைகளில் போட்டுப் பார்த்தேன். நாலைந்து பத்தி தேறுகிறது.

நண்பர்கள் கூடும்போது இந்த மூன்று விதிகளையும் கவிதைக்கு வைத்து ஆடிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. முதலில் ஒருவர் தன் கேள்வியைச் சொல்லட்டும். கவிதையிடம் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அதைத் திறந்து பயன் இல்லை. பிறகு கவிதையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து, இவற்றை இந்தக் கவிதை எங்கே பார்த்தது என்று கேட்போம். கிடைத்த பதிலை மட்டும் வைத்துப் பேசுவோம். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. முடிந்தால் நல்லதுதான்.

சீட்டுக்கட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அக்கா மகள் வரும்போதெல்லாம் கேட்கிறாள். இன்னும் சில சீட்டு வரைந்து தரச் சொல்கிறாள். அக்கா அன்றைக்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். இனிக் கேட்க வேண்டியவன் நான். சாவியை இன்னும் எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டும், பேனாவை நீட்டியபோது என்ன நினைத்தாய் என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் இந்த நிமிஷம் வரை கேட்கவில்லை.